எபி இம்லாவுக்கு ஒரு சரணம்

எபனேசர் இம்லா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார். அதுவும் பாதிதான். அந்தப் பாதிப் பாராட்டு ரேடியோவில் பதிவாகிவிட்டபடியால் இனி அவர் மறுப்பதற்கும் வழியில்லை.

ஸ்காட்லாந்தில், அபர்டீனுக்கு வடக்கே, காற்று எப்போதும் யாரையோ தேடிக்கொண்டிருப்பதுபோல் அலைகிற ஸ்கார்ஹில் மேட்டின் அடிவாரத்தில் அவருக்கு ஒரு சிறு பண்ணை. கொஞ்சம் ஆடு மாடு, கொஞ்சம் ஓட்ஸ், ஜிப் என்றொரு நாய், டீனி என்றொரு மனைவி. பண்ணையைச் சாப்பாட்டுக்காகத்தான் வைத்திருந்தார். அவர் வாழ்ந்ததெல்லாம் ஸ்கார்ஹில் சந்தைக்காக. ஜூலை மாதத்தில் ஒரே ஒரு நாள் மேட்டின்மேல் கூடும் அந்தச் சந்தையில் குதிரை, ஆடு, மாடு, கோழி, பழைய சேணம், புதிய பொய் எல்லாம் கைமாறும். மற்ற நாட்களில் எபி அடுத்த சந்தைக்காகக் காத்திருந்தார். அதற்கு நடுவில் வந்து போன கிறிஸ்துமஸ் முதலானவற்றை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

சந்தையின் சட்டம் எளிது. பிடித்த பொருளைத் திட்ட வேண்டும். பிடிக்காத பொருளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர வேண்டும். ஒரு குதிரையைப் பார்த்து, "நல்ல குதிரை" என்று எவன் சொல்கிறானோ அவன் வாங்கப்போவதில்லை என்று பொருள். அல்லது அவன் நகரத்திலிருந்து வந்தவன் என்று பொருள். வாங்க வந்தவன், "இதுக்கு நாலு காலும் நாலு ஊரைப் பாக்குது" என்பான். விற்பவன் புண்பட்டவன்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். உள்ளுக்குள் அவனுக்கு இனிக்கும். கடைசியில் தரகர் வந்து இருவர் கையையும் இழுத்துச் சேர்த்து அடிக்க வைப்பார். கையடித்தால் முடிந்தது. பிறகு அரசியே வந்து சொன்னாலும் மாறாது.

இதில் ஊருக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் சந்தை கலைந்ததும் இந்தச் சட்டத்தைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எபி மட்டும் அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவர் பெண் பார்க்கப் போன கதை ஊரறியும். டீனியின் அப்பாவும் குதிரை வியாபாரி. அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, இளைஞர் எபி தன் காதலை இப்படி வெளியிட்டார்:

"ஒங்க பொண்ணு நடை கொஞ்சம் முரடு. குரல் ஒசரம். கோவம் வந்தா பிடிச்சு நிறுத்த ரெண்டு ஆள் வேணும்னு கேள்வி."

அப்பா மனைவியைத் திரும்பிப் பார்த்து, "தேநீர் போடு. பையன் முடிவு பண்ணிட்டான்" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து டீனியின் குரல் வந்தது: "வந்தவருக்குக் காது ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லியே, யாரும் கவனிக்கலியா?"

எபிக்கு அந்த நொடியில் உடம்பு சிலிர்த்தது. முப்பது ஆண்டுகளாக அவர் டீனியின் சமையலில் உப்பு குறைவு என்று சொல்லியே மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவந்தார். டீனியும் அவர் மூன்றாம் முறை கேட்காத நாளில்தான், "ஒடம்பு சரியில்லியா மனுஷா?" என்று கவலைப்பட்டாள். பாதிரியார் உருக்கமாகப் பிரசங்கம் செய்த ஞாயிறுகளில் எபி வாசலில் அவர் கையைக் குலுக்கி, "நடுவுல கொஞ்சம் முதுகு தொங்கிடுச்சு, ஐயா" என்பார். பாதிரியாரும் அந்த ஊர்க்காரர்தான். அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒளி இருக்கும்.

ஆக, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மோர்வன் ஸ்லேட்டர் ஒரு பாட்டைக் கட்டினாள்.

மோர்வன், ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுவரும் நூலக வண்டியை ஓட்டுகிறவள். முப்பது வயதிருக்கும். கடற்கரை ஊரில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். மேட்டிலிருந்து பார்த்தால் அந்த ஊர்த் துறைமுகம் தெரியும். ஆனால் பேச்சில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கடல் கிடந்தது. அவர்கள் பக்கத்தில் படகைப் பற்றியோ வலையைப் பற்றியோ ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வார்த்தையும் படகோடு கடலுக்குப் போகும் என்பார்கள். அதனால் நல்லதென்றால் நல்லது என்பார்கள். நல்லதில்லை என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருவன் வாயைத் திறந்து ஒன்றைத் திட்டினானென்றால் அவன் அதை உண்மையிலேயே வெறுக்கிறான். அது மூழ்கிப்போனால் சந்தோஷப்படுவான்.

ஆட்டுக்குட்டிகள் பிறந்து முடிந்த ஒரு வசந்த காலச் சாயங்காலம், 'கலப்பை' என்ற பாரில், கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு மோர்வன் தன் புதுப் பாட்டைப் பாடினாள். ஸ்கார்ஹில் சந்தையைப் பற்றிய பாட்டு. ஊரே அதில் இருந்தது. முதல் சரணத்தில் தரகர் ஐசக் டவுன்ஸ்லி; நாடோடிக் குடும்பத்தில் பிறந்து, சந்தையில் அவர் சேர்த்து அடிக்க வைக்காத கைகளே இல்லை எனும்படி தரகு பார்த்தவர். இரண்டாம் சரணத்தில், சந்தைக் காவலுக்கு வந்து வைக்கோல் போரில் தூங்கிப்போன போலீஸ்காரர். மூன்றாவதில் டீனி; சந்தையில் கூடாரம் போட்டு அவள் விற்கும், உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் மாட்டுக்கொழுப்பில் வேகவைத்த ஸ்டோவிஸின் வாசனை மூன்று ஊருக்கு அடிப்பதாக வந்தது. அதே சரணத்தின் கடைசி வரியில் அந்தப் பானைக்குள் தலையை விட்ட ஜிப். நான்காவதில் பாதிரியாரின் டாஃபி என்ற மட்டக்குதிரை. பெட்ரோல் தட்டுப்பாடு வந்த வருஷம் எபியிடமிருந்து அவர் வாங்கியது. வண்டியில் பூட்டி நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினால், பழைய பழக்கத்தில் ஒவ்வொரு பார் வாசலிலும் அது தானாக நின்றுவிடும். விற்றவர் பெயர் பாட்டில் வரவில்லை.

எபி கோப்பையைக் கீழே வைத்தார். பிடரி மயிர் குத்திட்டு நின்றது. வாழ்க்கையில் இதற்கு முன் இரண்டு முறைதான் அவருக்கு அப்படி ஆகியிருந்தது. ஒன்று, டீனி காதைப் பற்றிச் சொன்னபோது. இன்னொன்று, ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையைப் பார்த்தபோது. இந்தப் பாட்டு தனக்கு வேண்டும் என்று அவர் அங்கேயே முடிவு செய்தார். பாட்டை என்ன செய்வது, எங்கே கட்டுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பிடித்துவிட்டது, ஆகவே வாயைத் திறந்தார்.

"ஏம்மா, பாட்டுக்கு வயசு என்ன? இப்பவே மூச்சு வாங்குது! மூணாவது அடியில பின்னங்கால் இழுக்குதே, கவனிச்சியா?"

பாரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணை ஜோக் டஃபஸ், "எபி விழுந்துட்டான்டா" என்று கிசுகிசுத்தார். அங்கே இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது, ஒருத்தியைத் தவிர. மோர்வனின் முகம் சிவந்தது. பிறகு நேராகக் கடைசிப் பல்லவிக்குப் போய்ப் பாட்டை முடித்துவிட்டாள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாட்டு பரவிய வேகத்தில் அந்த வட்டாரத்தில் சளிகூடப் பரவியதில்லை. கல்யாணத்தில் பாடினார்கள். ஆட்டுக்கு முடி வெட்டும்போது பாடினார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் பாடி ஓட்டுநரைப் பைத்தியமாக்கினார்கள். பாட்டில் இருப்பவர்கள் இல்லாதவர்கள் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. போலீஸ்காரருக்கு முன்பிருந்ததைவிட மரியாதை கூடியது. யார் பாடினாலும் மூன்றாம் சரணம் வந்ததும் எல்லாத் தலையும் டீனி பக்கம் திரும்பும். பிறகு ஜிப் பக்கம் திரும்பும். ஜிப் வாலை ஆட்டி ஏற்றுக்கொள்ளும். நான்காம் சரணத்துக்கு ஜன்னல் வழியே பாதிரியாரின் குதிரையைப் பார்ப்பார்கள். ஒரு தலைகூட எபி பக்கம் திரும்பாது.

"எனக்கொரு சந்தேகம் எபி" என்றார் ஜோக் டஃபஸ், பாரில் எல்லார் காதும் திறந்திருந்த நேரம் பார்த்து. "ஒன் பொண்டாட்டி பாட்டுல இருக்கா. ஒன் நாய் இருக்கு. நீ வித்த குதிரை இருக்கு. அந்த வீட்டுல நீ யாரு? வாடகைக்கு இருக்கியா?"

"நாற்பது வருஷமா சந்தைக்குப் போறேன்டா."

"மழையுந்தான் போகுது. ஆனா பாரு, மழை பல்லவியிலயே இருக்கு."

அன்று இரவு எபி சாப்பாட்டில் உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். டீனி பயந்தே போனாள்.

ஆனால் எபி மனம் தளர்கிறவர் இல்லை. பேரம் தொடங்கிவிட்டது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். முதல் விலை அன்று பாரில் சொல்லியாகிவிட்டது. பதில் விலை வர வேண்டியதுதான் பாக்கி. நூலக வண்டி அவர் பண்ணை வாசலுக்கு வரும் நாளெல்லாம் வேலிமேல் கைகளை ஊன்றி நின்றார்.

"அந்தப் பாட்டு இன்னும் ஒங்கிட்டதான் இருக்கா?"

"இருக்கு, மிஸ்டர் இம்லா."

"யாரும் தூக்கிட்டுப் போகலியா? அது சரி, யாரு தூக்குவா? மழையில நனைஞ்ச ஆடு மாதிரி கனம்."

"டீனி கேட்ட புத்தகம் கொண்டாந்திருக்கேன், மிஸ்டர் இம்லா."

"பல்லவியப் பாத்தா பாவமா இருக்கு. தீனி போடுறியா இல்லியா?"

மோர்வன் புத்தகத்தை வேலிமேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவாள். எபி அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். "என்ன பொண்ணுடா!" என்று தொழுவத்தில் மாடுகளிடம் சொல்வார். "கண்ணு இமைக்கல. உதடு துடிக்கல. ரெண்டு வருஷமா ஒரு பதில் விலை சொல்லல. இப்படி ஒரு வியாபாரிய நான் பாத்ததே இல்ல." அவள்மேல் அவருக்கிருந்த மரியாதை வாரத்துக்கு வாரம் ஏறியது. மரியாதை ஏற ஏறத் திட்டும் ஏறியது. ஒரு வாரம் அந்தப் பாட்டைக் கால் ஒடிந்த குதிரையைப்போல் சுட்டுப் புதைத்துவிடுவது அதற்குச் செய்யும் உதவி என்றுகூடச் சொன்னார். அதைவிடப் பெரிய புகழ்ச்சி அவரிடம் கையிருப்பில் இல்லை.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. வருகிற சந்தைக்கு ரேடியோக்காரர்கள் வருகிறார்கள். மோர்வன் மேட்டின்மேல் நின்று பாட, பாட்டைப் பதிவு செய்யப்போகிறார்கள். பிறகு அது இசைத்தட்டாகவும் வரும்.

எபி கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயால் பாடும் பாட்டு மேய்கிற ஆடு மாதிரி. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே, நடுவில் ஒரு குட்டி சேர்ந்துகொண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இசைத்தட்டில் ஏறிவிட்டால் அந்த ஆட்டின் காதில் சொந்தக்காரன் அடையாளம் வெட்டின மாதிரி. உள்ளே இருப்பவன் உள்ளே, வெளியே இருப்பவன் வெளியே. அவர் செத்த பிறகும் ஜிப்பின் பெயரை உலகம் பாடும்.

அவசரத்தில் அவர் தரம் தாழ்ந்தார். பாட்டுக்குத் தகுந்த காரியம் எதையாவது செய்தால் தன்னைத் தவிர்க்க முடியாது என்று நினைத்து, தன் தாத்தாவின் உயரமான கறுப்புத் தொப்பியைப் பரணிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர் ஆட்டுச் சந்தைக்குப் போனார். ஒரு வெள்ளாடு அதைப் பின்னாலிருந்து தின்றுவிட்டது. ஒரு வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு.

"நல்ல வேலை பண்ணின எபி" என்றார் ஜோக் டஃபஸ். "அடுத்த சரணம் அந்த வெள்ளாட்டுக்குத்தான்."

சந்தைக்கு முந்தின வாரம் நூலக வண்டி வந்தபோது எபி தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் வண்டிப் படியில் டீனியும் மோர்வனும் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. மோர்வன் கையைக் கையை ஆட்டி ஏதோ முறையிட்டாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. டீனி கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரித்த சத்தத்துக்குக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. பிறகு மோர்வனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு விரலால் தன் காதை மேலும் கீழுமாகக் காட்டிக்காட்டி நெடுநேரம் ஏதோ விளக்கினாள்.

"எதுக்கு அப்படிச் சிரிச்ச?" என்று சாப்பாட்டின்போது எபி கேட்டார்.

"ஒரு புத்தகம். நகைச்சுவை."

"தலைப்பு?"

"ஒங்களுக்குப் புரியாது, மனுஷா. சாப்பிடுங்க."

சந்தை நாள் விடிந்தது. மழை வந்து பார்த்துவிட்டு, கூட்டம் அதிகம் என்று ஒதுங்கிக்கொண்டது. மேடு முழுக்கக் குதிரைகளும் கயிறும் கத்தலும். டீனியின் கூடாரத்தில் ஆவி பறந்தது. நடுவில் குதிரைகளை ஓடவிட்டுக் காட்டும் வட்டத்தில், வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். ரேடியோக்காரர்கள் இரண்டு பேர், மயிர் உறை போட்ட ஒலிவாங்கியை நீளக் கம்பில் மாட்டித் தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கம்பு நுனியில எதுக்குச் செத்த முயல்?" என்று எபி விசாரித்தார். கிண்டலில்லை, விலை கேட்கலாமா என்ற யோசனை.

அவர் முதல் வரிசையில் நின்றார். இன்றைக்குப் பதில் விலை வரவில்லை என்றால் இனி எப்போதும் வராது. உள்ளங்கை வேர்த்தது. கையடிக்க வேண்டி வந்தால் வழுக்குமே என்று அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மோர்வன் வந்தாள். கித்தாரை வைக்கோல் கட்டின்மேல் வைத்தாள். பாடுவாள் என்று பார்த்தால், வட்டத்தைக் கடந்து நேராக எபியிடம் வந்து நின்றாள். அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். குனிந்து முழங்கால்களைப் பார்த்தாள்.

"பல்லக் காட்டுங்க" என்றாள்.

எபி வாயைத் திறந்தார்.

"அடேயப்பா! சொல்ற வயசு ஒண்ணு, பல்லு சொல்ற வயசு வேற ஒண்ணு" என்றாள் மோர்வன், எல்லாருக்கும் கேட்கும்படி. "முட்டி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்ல. ஒரு காது மலையேறுது, இன்னொண்ணு கடலுக்குப் போகுது. இத எவ தன் பாட்டுல கொண்டுபோய்க் கட்டுவா?"

எபி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு ஆண்டுகள்! கடைசியில் பதில் விலை! அவர் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். டீனி கரண்டியும் கையுமாக, வானத்தில் ஏதோ பறவையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வண்டிப் படியில் அவள் எந்தப் புத்தகத்துக்குச் சிரித்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் அந்தப் பெண் பேரமே பேசவில்லை. அழுதுகொண்டிருந்திருக்கிறாள் என்பதும் சேர்ந்தே புரிந்தது. அதற்காக அவர் வருத்தப்பட நினைத்தார். ஆனால் பேரத்துக்கு நடுவில் அதற்கு நேரமில்லை.

"கட்டிப்போட ஒன் பாட்டுல எடம் எங்க இருக்கு?" என்றார். "ஒரு சரணத்துக்கும் இன்னொரு சரணத்துக்கும் நடுவுல காத்து வீசுது."

"காத்தாவது வீசுது. ஒங்களச் சேத்தா அதுவும் நின்னுடும்."

"ஓ!" என்றது கூட்டம். ஐசக் டவுன்ஸ்லி தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடற்கரை ஊர்க்காரி இப்படிப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோலை ஊன்றி வட்டத்துக்குள் வந்து, ஒரு கையால் எபியின் மணிக்கட்டையும் மறுகையால் மோர்வனின் மணிக்கட்டையும் பிடித்தார்.

"வெலையச் சொல்லு, தாயி."

"ஒரு சரணம் தரேன். அதுக்கு அவரு இந்தச் சந்தை நடுவுல, இத்தனை பேரு முன்னாடி, 'நல்ல பாட்டு'ன்னு மூணு தடவ சொல்லணும்."

ஊர் மூச்சை உள்ளே இழுத்தது. வெள்ளாடுகள்கூட மெல்வதை நிறுத்தின என்பார்கள். மூன்று தடவை! எபி இம்லா ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த சந்தையில் யார் அவரை மதித்துப் பொய் சொல்வார்கள்?

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கையை உதறினார் எபி. "வேணும்னா திட்டறத நிறுத்தறேன். அதான் வெல." சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார்.

பேரம் முறிந்து ஒருவர் நடந்தால், யாராவது ஓடிப்போய் இழுத்துவர வேண்டும். இது முறை. எபி குதிரைகளைத் தாண்டினார், யாரும் வரவில்லை. நடையைக் குறைத்தார். மாடுகளைத் தாண்டினார். இன்னும் குறைத்தார். ஆட்டுப் பட்டியின் கடைசி வேலிக்கு வந்தாயிற்று. அதற்கப்பால் புல்வெளியும் ஸ்காட்லாந்தின் மீதிப் பகுதியும்தான். வேறு வழியில்லாமல் அங்கே நின்ற கிடா ஒன்றை மிக நிதானமாகப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

ஒருவழியாக ஜோக் டஃபஸ் பொரித்த மீன் தின்றபடி வந்து சேர்ந்தார். "போதும் வா, எபி. அந்தக் கிடாவுக்கே கூச்சமா இருக்கு."

"பலவந்தமா இழு. எல்லாரும் பாக்கறாங்க."

ஜோக் மீனை வாயில் கவ்விக்கொண்டு பலவந்தமாக இழுத்தார்.

திரும்பி வந்து, "அர தடவ" என்றார் எபி. "அர தடவன்னா என்ன?" என்று கேட்டுவிட்டு, இப்போது மோர்வன் நடந்தாள். ஆனால் அவள் புதியவள்; நடையைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நேராக வண்டிக்குப் போய், ஏறி, இயந்திரத்தையே கிளப்பிவிட்டாள். ரேடியோக்காரர்கள் பதறினார்கள். ஐசக் டவுன்ஸ்லி தன் கெட்ட முழங்காலோடு ஓடி, வண்டியின் கதவைத் தட்டி, "தாயி, தாயி, மெதுவா நடக்கணும்! நெஜமாப் போயிடக்கூடாது!" என்று கெஞ்சி அழைத்துவந்தார்.

"கேளுங்க ரெண்டு பேரும்" என்றார் ஐசக், மூச்சு வாங்க. "பொண்ணு மூணுல இருந்து ஒண்ணுக்கு எறங்கட்டும். எபி ஒண்ணுமில்லாததுல நிக்கறான். வித்தியாசத்தப் பாதியா ஒடைக்கிறேன். ஒரு நல்ல வார்த்தையில பாதி. சம்மதமா?"

"நல்ல வார்த்தையில பாதின்னா எது?" என்றாள் மோர்வன்.

ஐசக் வானத்தைப் பார்த்தார். பூமியைப் பார்த்தார். சந்தையின் எல்லாத் தகராறுகளையும் தீர்த்துவைத்த அந்த மனிதர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்:

"மோசமில்ல."

கூட்டத்தில் முனகல் எழுந்து அடங்கியது. நியாயமான தீர்ப்பு. நூல் பிடித்த மாதிரி நடு. எல்லார் கண்களும் எபியின் வாயைப் பார்த்தன. மயிர் உறை போட்ட அந்த முயல் மெல்ல அவர் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது.

எபி வாயைத் திறந்தார். மூடினார். நாற்பது ஆண்டுப் பெயர் ஒரு பக்கம். ஜிப் இன்னொரு பக்கம். ஜிப் வேறு அவரையே பார்த்துக்கொண்டு, ஒரு சரணத்துக்குச் சொந்தக்காரனின் நிம்மதியோடு காதைச் சொறிந்தது.

"பாட்டு..." என்றார். தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பாட்டு... மோசமில்ல."

ஜோக் டஃபஸ் தொப்பியைக் கழற்றினார். டீனியின் கரண்டி பானைக்குள் விழுந்தது. ஐசக் இருவர் கையையும் ஓங்கிச் சேர்த்து அடித்தார். அந்தச் சத்தத்தில் மூன்று குதிரைகள் மிரண்டன.

"வித்தவ வாங்கினவனுக்கு அதிர்ஷ்டத்துக்குன்னு ஏதாச்சும் திருப்பித் தரணும், தாயி. அதுவும் முறை" என்றார் ஐசக்.

"கடைசி வரியில வெச்சிருக்கேன்" என்றாள் மோர்வன். பிறகு எபியிடம் தாழ்ந்த குரலில், "அன்னிக்கு பார்லயே ஒங்களுக்கு ஒரு சரணம் இருந்தது. நீங்க கத்தினதும் நெஞ்சு விட்டுப்போய் முழுங்கிட்டேன்" என்றாள்.

"என்னன்னு இருந்தது?"

"'நல்லவர் எபி இம்லா, நாணயத்தில் ஒரு தங்கம்'னு."

எபி சுற்றுமுற்றும் பார்த்தார். "கடவுளே! அத மட்டும் பாடியிருந்தா அப்புறம் யாரு எங்கிட்ட வியாபாரத்துக்கு வருவா?"

"இது வேற. டீனியும் நானும் சேந்து கட்டினது."

மோர்வன் பாடினாள். ஐசக் வந்தார், போலீஸ்காரர் தூங்கினார், தலைகள் டீனி பக்கமும் ஜிப் பக்கமும் திரும்பின, டாஃபி ஒவ்வொரு வாசலிலும் நின்றது. பிறகு ஐந்தாவது சரணம்:

*எபி இம்லா வந்தாரு, எல்லாத்தையும் பாத்தாரு,*
*குதிரைக்குக் கால்கோணல், கஞ்சிக்கு உப்பில்ல,*
*மேகத்துல ஓட்டைன்னாரு, மேட்டுல சரிவுன்னாரு,*
*சாயங்காலம் பாத்தாக்கா சந்தை பாதி அவரு வண்டியில!*

மேடே அதிர்ந்து சிரித்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாக எபி பக்கம் திரும்பின. இரண்டு ஆண்டுகளாக அதற்காகவே ஏங்கியவருக்கு, அது வந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குதிரையும் திரும்பி அவரைத்தான் பார்த்தது.

பாடி முடித்துக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மோர்வன் அவரைத் தேடி வந்தாள். "எப்படி?"

எபி குதிரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "மூணாவது வரி கொஞ்சம் நொண்டுது" என்றார்.

மோர்வனின் முகம் மலர்ந்தது. "பின்னங்காலா, முன்னங்காலா, எபி?"

தன் பெயருக்கு முன்னாலிருந்த 'மிஸ்டர்' போய்விட்டதை அவர் கவனித்தார். "ரெண்டும்" என்றார்.

அன்று மாலை, வெயில் இன்னும் மேட்டைவிட்டு இறங்காத நேரத்தில், எபியின் பழைய வண்டி ஆட்டம் போட்டபடி வீட்டுக்குத் திரும்பியது. பின்னால் இழுவண்டியில் மூன்று குதிரைகள், ஒரு கிடா, கோழிக்கூடு ஒன்று, யாருக்கும் வேண்டாத ஒரு சேணம். கிடா, கடைசி வேலியில் அவர் நெடுநேரம் பரிசோதித்த அதே கிடா. அத்தனை நேரம் பல்லைப் பார்த்துவிட்டு வாங்காமல் வர அவருக்கு மனம் வரவில்லை. முன்னால் டீனி, காலி பானையை மடியில் வைத்திருந்தாள். நடுவில் ஜிப்.

எபி பாடத் தொடங்கினார். முதல் நான்கு சரணங்களைத் தாண்டி, நேராக ஐந்தாவதுக்குப் போனார். முடித்துவிட்டு, சாலையைப் பார்த்தபடியே காத்திருந்தார்.

"துருப்புடிச்ச கேட்டு மாதிரி இருக்கு குரலு" என்றாள் டீனி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "மெட்டும் வழுக்குது. கேக்கவே கஷ்டமா இருக்கு."

குதிரை வியாபாரி மகள் சொல்கிற சொல். எபி இம்லாவின் மட்டம் தப்பிய காதுகள் இரண்டும் ஒருசேரச் சிவந்தன. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதே சரணத்தை மறுபடி முதலிலிருந்து, இன்னும் உரக்கப் பாட ஆரம்பித்தார்.